‘தணிக்கை ஆகிவிட்டது’: மோட்டார் பழுதுச் செலவும் படிக்கப்படாத ஓர் அறிக்கையும்

பின்னணி

தமிழ்நாட்டில் நான்கு குக்கிராமங்களைக் கொண்ட ஒரு கிராம ஊராட்சியில் 2022 மே முதல் 2025 வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். மனுக்களை எழுத உதவிய நால்வரில் நானும் ஒருவன். மற்ற மூவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநராக இருந்த பெண்மணி ஒருவர், இ-சேவை மையத்தில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 3-ஆவது பிரிவின்படி ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தரும் அதிகாரம் கிராம சபைக்கே உரியது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அந்தச் சபையின் உறுப்பினர். ஆனால் ஒப்புதல் கேட்கப்படும் அறிக்கையை ஒப்புதல் தருகிறவர்கள் முன்கூட்டியே பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் அப்படிப் பார்த்தவர் எவரும் அதுவரை இல்லை.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இன்னும் இரண்டு செய்திகள் தேவை. ஊராட்சித் தலைவர், பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் 2019 டிசம்பர் தேர்தலில் வென்றவர். ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத்தலைவரின் கையெழுத்தும் வேண்டும். துணைத்தலைவர் ஊரில் செல்வாக்குள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர்.

2022 மே 1: கேட்கப்பட்ட ஒரு கேள்வி

கொரோனாவால் 2020 அக்டோபரிலும் 2021 ஜனவரியிலும் கிராம சபைகள் நடக்காததால், கணக்கு கேட்கும் பழக்கமே ஊரில் விட்டுப்போயிருந்தது. மே முதல் நாள் கூட்டத்தில் 2020-21 ஆம் ஆண்டின் வரவு செலவை ஊராட்சி செயலாளர் படித்தார். மொத்தம் மூன்று நிமிடங்கள் ஆகியிருக்கும். ‘மின்மோட்டார் பழுது நீக்கம், ரூ.1,12,600’ என்று ஒரு வரி வந்தது.

அந்த ஆண்டில் காலனிக் குக்கிராமத்துக்குப் பல வாரங்கள் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வந்திருந்தது. எனவே ஊக்குநர் எழுந்து, எந்த மோட்டார், எத்தனை முறை பழுதானது, யார் சரிசெய்தது என்று கேட்டார். ‘அதெல்லாம் தணிக்கை ஆகிவிட்டது அம்மா’ என்று பதில் வந்தது. அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பதில் பொய்யில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். தணிக்கை நடந்திருந்தது உண்மைதான். தணிக்கை நடந்தது என்பதும் தணிக்கையில் சரியென்று காணப்பட்டது என்பதும் வெவ்வேறு என்பதை மட்டும் அந்தப் பதில் சொல்லவில்லை. சபையில் இருந்த எங்களுக்கும் அன்று அது உறைக்கவில்லை.

முதல் மனுவும் எங்கள் தவறும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஜூன் மாதம் முதல் மனுவை அனுப்பினோம். அதில் 23 கேள்விகள் இருந்தன. ‘ஏன் மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடப்பட்டது?’, ‘இவ்வளவு செலவு நியாயமானதா?’, ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்பன போன்றவை அவற்றில் பாதிக்கு மேல்.

நான்காவது வாரத்தில் பதில் வந்தது. விளக்கமும் கருத்தும் கோரும் கேள்விகள் தகவல் என்ற வரையறைக்குள் வராது என்றும், மற்றவை பெருமளவிலானவை என்பதால் அலுவலகத்துக்கு நேரில் வந்து பதிவேடுகளைப் பார்வையிடலாம் என்றும் பொதுத் தகவல் அலுவலர் எழுதியிருந்தார். மறுக்கிறார்கள் என்ற கோபம் எங்களுக்கு வந்தது. ஆனால் சட்டத்தைத் திரும்பப் படித்தபோது முதல் பகுதியில் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. அலுவலகத்தில் ஆவணமாக இருப்பதைத்தான் கேட்க முடியும். இல்லாத விளக்கத்தை எழுதித் தரும்படி கேட்க முடியாது. 2011-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இந்த இடத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. உடனே மேல்முறையீடு செய்ய வேண்டும், நேரில் போனால் பேசி அனுப்பிவிடுவார்கள் என்றார் இளைஞர். எதைக் கேட்பது என்றே தெரியாமல் மேல்முறையீடு செய்து பயனில்லை, முதலில் பதிவேடுகளின் பெயர்களையாவது தெரிந்துகொள்வோம் என்றார் தலைமையாசிரியர். பதிவேடுகளைப் பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் சட்டத்தின் 2(j) பிரிவு தரும் உரிமைதான். அவர்கள் வாய்ப்பளிக்கும்போது அதை விடுவது சரியில்லை என்று நானும் நினைத்தேன். மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருந்ததால், அதற்குள் பார்வையிட்டுவிடுவது என்று முடிவெடுத்தோம்.

2022 ஜூலை: பார்வையிட்ட நாள்

ஊராட்சி அலுவலகத்தின் இரும்பு மேசையில் செயலாளர் மூன்று பொருட்களை எடுத்து வைத்தார். நூலால் கட்டப்பட்ட வவுச்சர் கட்டு, ரொக்கப் புத்தகம், கிராம சபைத் தீர்மானப் புத்தகம். முதல் ஒரு மணி நேரப் பார்வைக்குக் கட்டணம் இல்லை. எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

மோட்டார் பழுதுக்கு எட்டு வவுச்சர்கள் இருந்தன. எட்டுக்கும் பின்னால் கடைச் சீட்டு இருந்தது. முதலில் எல்லாம் முறையாகவே தெரிந்தன. தலைமையாசிரியர் சீட்டு எண்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதினார். 2020 ஜூன் மாதச் சீட்டின் எண் 114. செப்டம்பர் மாதச் சீட்டின் எண் 115. 2021 ஜனவரி மாதச் சீட்டின் எண் 116. ஒரே கடை, ஒரே சீட்டுப் புத்தகம். ஏழு மாதங்களில் அந்தக் கடை இந்த ஊராட்சியைத் தவிர வேறு எவருக்கும் சீட்டுப் போடவில்லை என்றுதான் அதற்குப் பொருள் கொள்ள வேண்டும். எட்டில் ஐந்து சீட்டுகள் அந்தக் கடையுடையவை. அவற்றின் எண்கள் 112 முதல் 116 வரை இடைவெளியின்றிப் போயின.

அடுத்து தீர்மானப் புத்தகம். மே 1 கூட்டத்தின் பக்கத்தில், ‘2020-21 ஆம் ஆண்டு வரவு செலவுக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் சபையில் படிக்கப்பட்டு, விவாதித்து, ஏகமனதாக ஏற்கப்பட்டன’ என்று எழுதியிருந்தது. தணிக்கை அறிக்கை படிக்கப்படவில்லை. ஊக்குநர் கேட்ட கேள்வி அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. கீழே வரிசையாக இருந்த கையெழுத்துகளில் பதினேழாவது அவருடையது.

அவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் தொடங்கும்போது வருகைக்காக என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியது அவருக்கு நினைவிருந்தது. மேலே எழுத்து இருந்ததா, வெற்றுத் தாளாக இருந்ததா என்பது நினைவில்லை. ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வந்திருக்க வேண்டியவர்கள், 100 பேர். அத்தனை கையெழுத்தையும் கூட்டம் முடிந்தபின் வாங்க முடியாது என்று செயலாளர் விளக்கினார். அது நடைமுறைச் சிக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் தான் எதிர்த்துக் கேட்டதையே தான் ஏற்றதாகத் தன் கையெழுத்து சொல்கிறது என்பதை ஒருவர் கண்ணால் பார்ப்பது வேறு. அதற்குப் பிறகு அவர் ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை.

இரண்டாவது மனு

இம்முறை நான்கே ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேட்டோம். 2020-21 தணிக்கை அறிக்கை. அதிலுள்ள தணிக்கைத் தடைகளுக்கு, அதாவது தணிக்கையாளர் ஏற்காமல் நிறுத்திவைத்த செலவுகளுக்கு, ஊராட்சி அளித்த பதில்கள். மோட்டார் உதிரிபாகங்களுக்கான இருப்புப் பதிவேட்டின் அந்த ஆண்டுப் பக்கங்கள். அதே ஆண்டில் போடப்பட்ட ஒரு பேவர் பிளாக் தெருவின் அளவுப் புத்தகப் பக்கங்கள், அதாவது செய்த வேலையை அளந்து பதியும் புத்தகத்தின் பக்கங்கள். கடைசி ஆவணம் மோட்டாரோடு தொடர்பில்லாதது. தெரு சொன்ன நீளத்துக்கு இல்லை என்று ஊரில் பேச்சு இருந்ததால் சேர்த்தோம்.

இம்முறை பதிலே வரவில்லை. 30 நாள் முடிந்ததும் செப்டம்பரில் முதல் மேல்முறையீடு செய்தோம். அக்டோபரில் விசாரணை நடந்தது. கால வரம்பைக் கடந்துவிட்டதால் 7(6) பிரிவின்படி கட்டணமின்றித் தகவல் தர வேண்டும் என்று மேல்முறையீட்டு அலுவலர் உத்தரவிட்டார். முதல் மூன்று ஆவணங்களும் நவம்பர் 4 அன்று கிடைத்தன. உள்ளாட்சி நாள் கிராம சபை நவம்பர் 1 அன்று முடிந்திருந்தது. மூன்று நாள் தாமதம் எங்களுக்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆனது. அளவுப் புத்தகம் மட்டும் ஒன்றிய அலுவலகத்தில் தேடப்பட்டு வருவதாகச் சொன்னார்கள். அதற்காக மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு அனுப்பினோம்.

அறிக்கையில் இருந்தது

தணிக்கை அறிக்கை பதினோரு பக்கம். துணை வட்டார வளர்ச்சி அலுவலரின் தணிக்கை. ஆறாவது பக்கத்தில், மோட்டார் பழுது நீக்கத்தின்போது கழற்றப்பட்ட பழைய பாகங்கள் இருப்புப் பதிவேட்டில் கொண்டுவரப்படவில்லை என்றும், ஐந்து செலவினங்களுக்குப் பணி முடிந்ததற்கான சான்று இல்லை என்றும், எனவே அந்தத் தொகை தடை செய்யப்படுகிறது என்றும் எழுதப்பட்டிருந்தது. ஊராட்சி தந்த பதில் ஒரே வரி: ‘இனிவரும் காலங்களில் சரிசெய்யப்படும்.’ இருப்புப் பதிவேட்டின் நகல்கள் வெறும் கட்டங்கள்.

ஆக, நாங்கள் ஆறு மாதம் அலைந்து கண்டுபிடித்ததாக நினைத்ததை அரசின் தணிக்கையாளர் ஓராண்டுக்கு முன்பே கண்டு எழுதியிருந்தார். அந்த அறிக்கைக்குத்தான் நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டு ஒப்புதல் தந்திருந்தோம். இந்த நிகழ்விலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் நான் இதையே சொல்வேன்: எங்கள் ஊரில் கண்காணிப்பு இல்லாமல் இல்லை, கண்காணித்தவர் எழுதியது கேட்க வேண்டியவர்கள் காதுக்கு வரவில்லை.

இளைஞர் இதற்கிடையே ஊராட்சிகளின் வேலைகளையும் செலவுகளையும் வெளியிடும் மத்திய அரசின் இ-கிராம் சுவராஜ் இணையதளத்தைத் துழாவிப் பார்த்தார். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் செய்த வேலைகள் எங்கள் ஊராட்சிக்கு அதில் ஓரளவு முழுமையாக இருந்தன. மோட்டார் பழுது பொதுநிதிச் செலவு. அது அங்கே கிடைக்கவில்லை.

எடுக்க வேண்டியிருந்த முடிவு

ஆவணங்கள் வந்த செய்தி பரவியதும், இதுவரை எங்களோடு பேசாத சிலர் வீடு தேடி வந்தார்கள். தலைவரைப் பதவியிலிருந்து நீக்க மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், செலவு முழுவதையும் தாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் துணைத்தலைவரின் உறவினர்கள். எட்டு வவுச்சர்களுக்கும் பணம் எடுத்ததில் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. அவர்கள் ஒரு கையெழுத்தை மட்டுமே பேசினார்கள்.

அன்றிரவு நால்வரும் நெடுநேரம் பேசினோம். ஊக்குநரும் தலைவரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள். ‘தண்ணி வராததும் எங்க தெருவுக்குத்தான், இப்ப பழி வர்றதும் எங்க தெருவுக்குத்தானா?’ என்று அவர் கேட்டார். மூன்று முடிவுகளை எடுத்தோம். யாரையும் நீக்கக் கோருவதில்லை. எதைச் சொன்னாலும் கையெழுத்திட்ட இருவரையும் சேர்த்தே சொல்வது. கூட்டத்துக்கு முன் தலைவரை நேரில் பார்த்து, எதைப் படிக்கப்போகிறோம் என்று சொல்லிவிடுவது. மூன்றாவது முடிவை இளைஞர் கடைசிவரை ஏற்கவில்லை. எச்சரித்தால் ஆவணத்தை மாற்றிவிடுவார்கள் என்று அஞ்சினார். நகல்கள் கையொப்பத்தோடு எங்களிடம் இருந்ததால் அந்த அச்சத்தை மீறிப் போனோம்.

தலைவர் அறிக்கையை எங்கள் கையிலிருந்து வாங்கி, ஆறாவது பக்கத்தை நின்றபடியே படித்தார். இப்படி ஓர் அறிக்கை வந்ததே தனக்குக் காட்டப்படவில்லை என்றார். முழுக்க நம்பினோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சபையில் அதைப் படிக்கத் தடையில்லை என்று அவரே சொன்னார்.

2023 ஜனவரி 26 முதல் ஆகஸ்ட் 15 வரை

ஒரு வாரம் முன்பே எழுத்துமூலம் கொடுத்து, தணிக்கைத் தடையை விவாதப் பொருளாகச் சேர்த்தோம். கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆறாவது பக்கத்தின் அந்த ஒரு பத்தியையும் அதற்கான ஒரு வரிப் பதிலையும் மட்டும் படித்தார். வேறு எந்தக் குற்றச்சாட்டும் சேர்க்கவில்லை. ஐந்து வவுச்சர்களைச் சிறப்பாக ஆய்வு செய்ய வட்டார வளர்ச்சி அலுவலரைக் கோருவது என்றும், மோட்டார் பழுதுப் பதிவேட்டின் நகலை மாதந்தோறும் மோட்டார் அறையில் ஒட்டுவது என்றும் தீர்மானம் எழுதப்பட்டது. எழுதியதை உரக்கப் படித்த பிறகே கையெழுத்திடுவோம் என்று ஊக்குநர் நின்றார். படித்தார்கள். பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டோம்.

ஏப்ரலில் ஆய்வு நடந்தது. அதன் முடிவு எங்களையும் திருத்தியது. எட்டுமே போலி என்று நாங்கள் மனதுக்குள் முடிவுகட்டியிருந்தோம். இளைஞரும் நானும் வெளியில் அப்படிப் பேசியும் இருந்தோம். ஆனால் அறிக்கை தடை செய்யாத மற்ற மூன்று வவுச்சர்களுக்கும் காயில் கட்டும் பட்டறையின் நோட்டில் தேதியோடு பதிவு இருந்தது. காலனி மோட்டார் குறைந்த மின்னழுத்தத்தால் அந்த ஆண்டில் மூன்று முறை உண்மையாகவே எரிந்திருந்தது. தொடர் எண் கொண்ட ஐந்துக்கு மட்டும் எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. ரூ.61,500-ஐ ஊராட்சிப் பொதுநிதிக்குத் திரும்பச் செலுத்தும்படி கையெழுத்திட்ட இருவருக்கும் கடிதம் வந்தது. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் அந்த முடிவு படிக்கப்பட்டது. மூன்று செலவுகளைப் பற்றித் தவறாகப் பேசியதை நான் அதே கூட்டத்தில் எழுந்து ஒப்புக்கொண்டேன்.

பணம் இரண்டு தவணைகளில் செலுத்தப்பட்டது. தலைவர் தன் பாதியைச் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கிக் கட்டினார் என்று பின்னர் அறிந்தோம். சீட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்பது ஆய்வின் கேள்வியாகவே இருக்கவில்லை. சரிபாதியாகப் பிரித்தது நியாயமான முடிவு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

அளவுப் புத்தகம்

இரண்டாவது மேல்முறையீடு விசாரணைக்கு வந்தபோது 2025 பிறந்துவிட்டது. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, ஊராட்சி, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலரின் பொறுப்பில் இருந்தது. ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு மார்ச்சில் அளவுப் புத்தகத்தின் நான்கு பக்கங்கள் வந்தன. தெருவின் நீளம் 118 மீட்டர் என்று அதில் பதிவாகியிருந்தது. நாடாவைப் பிடித்து அளந்தோம். 104 மீட்டர். அளவெடுத்த பணி மேற்பார்வையாளர் வேறு ஒன்றியத்துக்கு மாறியிருந்தார். பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் நாற்காலியில் இல்லை.

மீண்டும் செய்தால் எதை மாற்றுவோம்

முதல் மனுவையே எழுதியிருக்கக் கூடாது. நேரே பார்வையிடக் கேட்டிருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும், நவம்பர் கூட்டமும் கைக்கு வந்திருக்கும். கேட்கும் நாளைக் கிராம சபை நாட்களிலிருந்து பின்னோக்கி எண்ணித் தீர்மானிக்க வேண்டும்: பதிலுக்கு 30 நாள், மேல்முறையீட்டுக்கு 30 முதல் 45 நாள், படித்துப் புரிந்துகொள்ள இரண்டு வாரம்.

தணிக்கை அறிக்கையை மட்டும் கேட்பது பாதி வேலை. தடைகளுக்கு ஊராட்சி கொடுத்த பதில்களையும் சேர்த்துக் கேட்காவிட்டால், எது தீர்ந்தது, எது ‘இனிவரும் காலங்களில்’ என்று தள்ளப்பட்டது என்பது தெரியாது. அளவுப் புத்தகத்தைத் தனி மனுவாக ஒன்றிய அலுவலகத்துக்கே அனுப்பியிருக்க வேண்டும். அது அங்கேதான் இருக்கும் என்பதை எங்களுக்குச் செயலாளர் பார்வையிட்ட அன்றே சொன்னார், நாங்கள்தான் கவனிக்கவில்லை. தெருவைப் போட்ட மாதத்திலேயே அளந்து, தேதியோடு எழுதி வைத்திருந்தாலும் பயன்பட்டிருக்கும்.

சந்தேகத்தை வெளியில் பேசியதை முற்றாகத் தவிர்த்திருக்க வேண்டும். செயலாளரிடமும் வேறு விதமாகத் தொடங்கியிருக்கலாம். பதிவேடுகளையெல்லாம் ஒற்றை ஆளாக எழுதிக்கொண்டு, வீட்டு வரியும் வசூலித்துக்கொண்டிருந்த அவரை முதல் ஆறு மாதம் எதிரியாகவே நினைத்தோம். வவுச்சர் கட்டை நூல் பிரித்து முன்னால் வைத்தவர் அவர்தான்.

தற்போதைய நிலை

மோட்டார் அறைக் கதவின் உட்புறத்தில் பழுதுப் பதிவேட்டின் நகல் 2023 பிப்ரவரி முதல் 2024 டிசம்பர் வரை, இரண்டு மாதங்கள் தவிர, ஒட்டப்பட்டது. தனி அலுவலர் பொறுப்பேற்ற பிறகு புதிய தாள் வரவில்லை. தெருவின் 14 மீட்டர் வேறுபாடு குறித்து, அளவுப் புத்தக நகலையும் நாங்கள் அளந்த குறிப்பையும் இணைத்து, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு மனு அனுப்பியிருக்கிறோம். மோட்டார் அறைத் தாளுக்கான மனுவை ஊக்குநர் தன் பெயரிலேயே, தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்கிறது.